சிவப்பு மூடி, நீல மூடி

பீற்றிஸின் இடது கைத் தழும்பை இந்த நத்தாருக்குள் இல்லாமல் செய்துவிடுவது என்று ஓய்வுபெற்ற அரசாங்கக் கச்சேரி எழுதுவினைஞர் செபஸ்தியாம்பிள்ளை ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது சபதம் எடுத்தார். வாய் நிறைய நுரை இருந்தபடியால் சபதம் வெளியே கேட்கவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான். பீற்றிஸ் அவருடைய மனைவி. பக்கத்தில் நின்று முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்திருந்தால் சபதம் அந்த இடத்திலேயே தாச்சிக்குள் போயிருக்கும்.

தழும்பு வந்த கதை ஊருக்கே தெரியும். நாலு வருடத்துக்கு முன், கிறிஸ்மஸ் பண்டிகையான நத்தாருக்கு முதல் நாள். பீற்றிஸ் அச்சுப் பலகாரமான கொக்கீஸ் சுட்டுக்கொண்டிருந்தாள். அவர் தானாக முன்வந்து, "நீ இரு, நான் சுடுறன்" என்று அச்சைக் கையில் வாங்கினார். வாழ்க்கையில் அவர் தானாக முன்வந்து செய்த ஒரே உதவி அது. முன்னறையில் ரி.வி.யில் கிரிக்கெட். யாரோ "அவுட்!" என்று கத்தினார்கள். இவர் அச்சோடு திரும்பினார். அச்சிலிருந்த கொதி எண்ணெய் திரும்பவில்லை. அது நேரே போய்ப் பீற்றிஸின் கையில் விழுந்தது. அவுட் ஆனது யார் என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது. பீற்றிஸைக் கேட்டால் தெரியும்: "நீங்கதான்."

காயம் ஆறிவிட்டது. தழும்புதான் ஆறவில்லை. மாதம் போகப்போக அது மேலே எழும்பி, சிவந்து, தடித்து, முழங்கைக்குக் கீழிருந்து மணிக்கட்டு வரைக்கும் அவித்த இறால் மாதிரி நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொண்டது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் வழக்கு வாதம் எதுவும் இல்லை. எந்தப் பிரச்சினை வந்தாலும் பீற்றிஸ் ஒரு சொல் பேசமாட்டாள். சட்டைக் கையை மெல்ல மேலே சுருட்டுவாள். தீர்ப்பு முடிந்தது. மோட்டார்சைக்கிள் மாற்ற நினைத்தார். சட்டைக் கை சுருண்டது. பழைய மோட்டார்சைக்கிள்தான் இன்றைக்கும். நாய்க்குட்டிக்கு 'டைகர்' என்று பெயர் வைக்க ஆசைப்பட்டார். சட்டைக் கை சுருண்டது. இப்போது அது முழங்கால் உயரம் வளர்ந்து, கேற்றில் வருகிறவர்களையெல்லாம் கடிக்கிறது. பெயர் 'பப்பி'.

இதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார். இந்த முறை வந்திருப்பது தாங்கக்கூடிய விசயமல்ல.

மகள் டினுஷாவுக்குத் தை மாதம் கலியாணம். மட்டக்களப்பில் மகளைக் கட்டிக்கொடுத்தால் வீடு மகளுக்குப் போகும். மருமகன் பெட்டியோடு உள்ளே வருவான். தாய் தகப்பன் பெட்டியோடு வெளியே போவார்கள். செபஸ்தியாம்பிள்ளையே முப்பது வருடத்துக்கு முன் ஒரு பெட்டியோடு இந்தப் புளியந்தீவு வீட்டுக்குள் வந்தவர்தான். ஆகையால் அதில் அவருக்கு மனக்குறை கிடையாது. வெளியே போய் எங்கே இருப்பது என்பதுதான் கேள்வி.

ஒரு வழி, மாங்கேணி. அங்கே அவருடைய தம்பி ஜொய்சனின் சின்ன வீடொன்று கடற்கரையில் சும்மா கிடக்கிறது. காலையில் தூண்டில் போடலாம். மத்தியானம் கருவாடு பொரிக்கலாம். நாள் முழுக்கச் சேட்டுப் போடாமல் திரியலாம். கேட்க ஆளில்லை.

மற்ற வழி, இரண்டு தெரு தள்ளி, பீற்றிஸின் அக்கா செசீலியா வீட்டின் பின்பத்தி, பின்னால் இறக்கிய ஒற்றை அறை. செசீலியா முப்பது வருடம் பாடசாலை அதிபராக இருந்தவர். ஓய்வுபெற்றது பாடசாலையிலிருந்துதான், அதிபர் வேலையிலிருந்து இல்லை. அவர் வீட்டில் ஏழு மணிக்குச் செபமாலை, எட்டு மணிக்குச் சாப்பாடு, ஒன்பது மணிக்கு விளக்கணைப்பு, எல்லாம் கைமணி அடித்து. கருவாடு வாசலைத் தாண்டக்கூடாது. ஒருதரம் செபஸ்தியாம்பிள்ளை தேத்தண்ணியைச் சாசரில் ஊற்றிக் குடித்ததற்கு, "செபஸ்தி, இதுதான் கடைசித்தரம்" என்றார். ஐம்பத்தொன்பது வயதான மனிதர், "சரி மிஸ்" என்று எழுந்து நின்றார்.

செசீலியா நத்தார் கழிந்து இருபத்தெட்டாம் தேதி பின்பத்திக்கு வர்ணமடிக்கப் பெயின்ரரை ஏற்பாடு செய்துவிட்டார். ஜொய்சனும் போனில் நெருக்கினான்.

"அண்ண, இருபத்தேழாந் தேதிக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க. வாகரையில ஒரு பள்ளிக்கூட மாஸ்டர் வாடகைக்குக் கேட்டுக்கொண்டு நிக்கிறார்."

ஒருநாள் துணிந்து, "பீற்றிஸ், மாங்..." என்று தொடங்கினார். சட்டைக் கை சுருண்டது. 'கேணி' வரைக்கும் அவர் போகவேயில்லை.

மிச்சமுள்ள ஆயுளை மணியடித்தால் சாப்பிட்டு, மணியடித்தால் படுத்து முடிப்பதா? அதை நினைத்தபோதுதான் அந்தச் சபதம். சாட்சியை இல்லாமல் செய்தால் வழக்கு தள்ளுபடி. கச்சேரிக்காரருக்கு இது தெரியாதா?

வழி எதிர்வீட்டிலேயே இருந்தது. சித்தாண்டி ஊரைச் சேர்ந்த பிள்ளை ஆர்த்திகா அங்கே அறை எடுத்துத் தங்கி, கம்பஸில் தழும்புகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மூன்று வருடமாய் அதே வேலை. சோதனைக்குத் தடித்த தழும்புள்ள ஆட்கள் தேவை என்று அவள் யாரிடமோ சொல்வதைக் கேற்றடியில் நின்ற செபஸ்தியாம்பிள்ளை கேட்டார். கேட்டவர் பப்பியையும் விட வேகமாக வெளியே பாய்ந்தார்.

"புள்ள, தழும்பு ஏன் இப்பிடித் தடிக்குது?"

"காயம் ஆறுறதுக்கு உடம்பு நார் நாராக் கட்டும் அங்கிள். சில பேருக்குக் காயம் மூடினாப் பிறகும் அது நிப்பாட்டாது. கட்டிக்கொண்டே இருக்கும்."

"முடிஞ்ச விசயத்த விடாமப் பிடிச்சுக்கொண்டு நிக்கும்."

"ஓம், அப்பிடித்தான்."

"விளங்குது. எனக்கு நல்லா விளங்குது. மருந்து இருக்கா?"

"மருந்து எண்டு இப்ப சொல்ல ஏலா. வல்லாரை, வெங்காயம், மஞ்சள் இதுகளில இருந்து பிரிச்செடுத்த சத்துகள் கண்ணாடித் தட்டுக்குள்ள அந்தக் கட்டுற வேலையக் குறைக்குது. மனுசர்ற தோலில எவ்வளவு கேக்கும் எண்டுதான் பாக்கிறம்."

"பன்ரெண்டு கிழமைக்குள்ள கேக்குமா?"

ஆர்த்திகா அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். சோதனை சரியாகப் பன்னிரண்டு கிழமைதான். அதை அவள் இன்னும் சொல்லவில்லை. டிசம்பர் இருபத்தேழுவரை அவர்தான் விரல்விட்டு எண்ணி வைத்திருந்தார்.

"ஆனா அங்கிள், தழும்பு முழுக்கப் பூசமாட்டம். பாதியாப் பிரிப்பம். முழங்கைப் பக்கப் பாதிக்குச் சிவப்பு மூடிச் சாடி. மணிக்கட்டுப் பக்கப் பாதிக்கு நீல மூடிச் சாடி. ஒண்டில மருந்துச் சத்து. மற்றதில வெறும் கிரீம். நிறம், மணம் எல்லாம் ஒண்டுதான். எதுக்குள்ள எது எண்டு எனக்கே தெரியா. எங்கட பேராசிரியர் எழுதி உறையில போட்டு ஒட்டி வச்சிருக்கிறார். கடைசி நாள்தான் உடைப்பம்."

பாதிதானா என்று அவருடைய முகம் விழுந்தது. பிறகு யோசித்தார். பாதி இறாலுக்குப் பாதிப் பயம். இல்லாததற்கு இது மேல்.

பீற்றிஸைச் சம்மதிக்க வைப்பது அடுத்த வேலை. பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது மெல்லத் தொடங்கினார்.

"எதிர்வீட்டு ஆர்த்திகாப் புள்ள ஒரு ஆராய்ச்சி செய்யுது."

"செய்யட்டும்."

"தழும்புக்கு."

"ஆருட தழும்புக்கு?"

"பொதுவாத் தழும்புக்கு."

"பொதுவான தழும்பு ஆருக்கிட்டக் கிடக்கு?"

அவர் கூரையைப் பார்த்தார்.

"உனக்கு நல்லது எண்டுதான் சொல்றன். மகள்ற கலியாணம் வருது. ஆக்கள் போட்டோ எடுப்பாங்க."

"நான் நீட்டுக் கைச் சட்டைதான் தைக்கக் குடுத்திருக்கன்."

"அதத்தான் சொல்றன். என்னத்துக்கு அத ஒளிக்கணும்?"

"நான் எப்ப ஒளிச்சன்? நாலு வருசமாக் காட்டிக்கொண்டுதானே திரியிறன்."

பீற்றிஸ் கோப்பையை வைத்தாள். அவரைப் பார்த்தாள். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"சரி, செய்வம்."

"செய்வமா?"

"ஆனா பூசித் தேய்க்கிறது நீங்க. காலம்பற பத்து நிமிசம், பின்னேரம் பத்து நிமிசம். ஒருநாளும் தவறப்படாது."

"நானா?"

"சுட்ட ஆள்தானே தேய்க்கணும்? மறுகா எதிர்வீட்டுப் புள்ளையா வந்து தேய்க்கும்?"

ஒக்டோபர் நாலாம் தேதி சோதனை தொடங்கியது. ஆர்த்திகா வேணியர் இடுக்கிமானியோடு வந்து தழும்பின் உயரத்தை அளந்தாள். நடுவில் பேனாவால் ஒரு கோடு போட்டாள். இரண்டு சாடிகளையும் தராசில் வைத்து நிறை எழுதினாள். ஒவ்வொரு இரண்டு கிழமைக்கும் வந்து அளப்பதாகவும் நிறுப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனாள்.

செபஸ்தியாம்பிள்ளை தேய்த்தார். காலையில் சிவப்பு, நீலம். பின்னேரம் சிவப்பு, நீலம். பீற்றிஸ் சாய்மனைக் கதிரையில் கையை நீட்டிக்கொண்டு ரி.வி.யில் நாடகம் பார்ப்பாள். இடையிடையே, "இன்னும் ரெண்டு நிமிசம் கிடக்கு" என்பாள். மணிக்கூட்டைப் பார்க்காமலே சொல்வாள். சரியாகவே இருக்கும்.

இரண்டாவது கிழமை ஒரு விசயம் நடந்தது. நீலப் பாதியைத் தேய்க்கும்போது பீற்றிஸ் சட்டென்று கையை இழுத்தாள்.

"நோகுதா?"

"இல்ல. கடி. நெடுகக் கடிச்சு, சொறியச் சொல்லிக்கொண்டே இருக்கும். புழுக்கமெண்டா இன்னும் கூட."

"எவ்வளவு நாளா?"

"நாலு வருசமா."

"என்னட்டச் சொல்லேல்லையே!"

"நீங்க கேக்கேல்லையே."

அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாலு வருடமாய் அந்தத் தழும்பு தனக்கு என்ன செய்கிறது என்றே அவர் கணக்குப் பார்த்திருந்தார். அது அவளுக்கு என்ன செய்கிறது என்று ஒருநாளும் நினைக்கவில்லை. அன்று பத்து நிமிடத்துக்குப் பதிலாக அரை மணித்தியாலம் தேய்த்தார். அதற்குப் பிறகு அவர் தேய்த்ததில் பாதி மாங்கேணிக்காக, பாதி மெய்யாகவே அவளுக்காக. எது எந்தப் பாதி என்று அவருக்கே தெரியாது.

ஆறாவது கிழமை அளந்தபோது ஆர்த்திகா வாயைத் திறக்கவில்லை. ஆனால் செபஸ்தியாம்பிள்ளை தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டார். சிவப்புப் பாதி நாலு மில்லிமீற்றரிலிருந்து இரண்டரைக்கு இறங்கியிருந்தது. நீலப் பாதி நாலேதான். இம்மியும் அசையவில்லை.

உறையை உடைக்கத் தேவையில்லை. மருந்து சிவப்பு மூடிக்குள்தான் இருக்கிறது.

அவர் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. அன்று பின்னேரமே பீற்றிஸ் முழுச் சட்டைக் கையையும் சுருட்டவில்லை. மணிக்கட்டிலிருந்து நாலு விரலுக்குத்தான் சுருட்டினாள். அவ்வளவே போதுமாக இருந்தது. நீலப் பாதி கம்பீரமாக வெளியே வந்தது. அன்று அவர் கேட்டது வேறொன்றுமில்லை, இன்னொரு கோப்பைத் தேத்தண்ணிதான்.

சுருட்டினால் முதலில் தெரிவது மணிக்கட்டுப் பக்கம். போக வேண்டிய பாதி அதுதான். மருந்து பூசுவதோ மற்றப் பாதிக்கு. ஏழாவது கிழமை ஜொய்சன் மறுபடி போன் எடுத்தான்.

"அண்ண, மாஸ்டர் வீடு பாக்க வந்திட்டுப் போயிற்றார். யன்னலுக்குத் திரையும் அளந்தவர்."

"திரை அளந்தவரா?"

"ரெண்டு யன்னலுக்கும்."

செபஸ்தியாம்பிள்ளை போனை வைத்தார். அடுப்படிக் குசினிக்குள் போனார். கார்த்திகை மழை விட்டு அன்றுதான் கொஞ்சம் வெயில். பீற்றிஸ் வெளியே உடுப்புக் காயப்போடப் போயிருந்தாள். அலுமாரியில் இரண்டு சாடிகளும் பக்கத்தில் பக்கத்தில். ஒரே நிறம், ஒரே மணம். முதல் நாளே பார்த்துவிட்டார், இரண்டிலும் மூடி மட்டுந்தான் வித்தியாசம். சாடியை மாற்றி எடுத்துப் பூசினால் பீற்றிஸ் கண்டுபிடித்துவிடுவாள், மூடியை மாற்றினால் தெரியாது.

முப்பத்திரண்டு வருடச் சேவையில் ஒரு அலுவலகக் கோவையின் உறையை மாற்றாத மனிதர் அவர். ஒரு திகதியைத் திருத்தாதவர். எதிர்வீட்டுப் பிள்ளையின் மூன்று வருடப் படிப்பு கண்முன்னே வந்தது. அதற்குப் பின்னால் செசீலியா கையில் மணியோடு வந்தார். மணி வென்றது. சிவப்பு மூடியைக் கழற்றி மற்றச் சாடியில் போட்டார். நீல மூடியை இதில் போட்டார். இறுக்கினார். இனி நீல மூடிக்குள் மருந்து. மேல் பாதி ஏற்கெனவே படியத் தொடங்கிவிட்டது. இனிக் கீழ்ப்பாதியும் படியும். இருபத்தேழாம் தேதி சட்டைக் கை எவ்வளவு சுருண்டாலும் உள்ளே ஒன்றும் இராது.

அன்றிலிருந்து அவருடைய நிம்மதி போனது. நீல மூடியை அள்ளி அள்ளிப் பூசினார். தேய்க்கும்போது மூச்சுப் பிடித்துக்கொண்டு தேய்த்தார். காலையில் எழும்பியதும் முதல் வேலை மனைவியின் மணிக்கட்டைப் பார்ப்பது.

"என்ன, கைப்பிடிச்ச நாளிலயும் இப்பிடிப் பாக்கேல்லையே நீங்க."

"ஒண்டுமில்ல. சும்மா."

எட்டாவது கிழமை அளந்தார்கள். மணிக்கட்டுப் பக்கம் நாலுக்குப் பக்கத்தில்தான். சரி, ஒரு கிழமைதானே ஆகிறது, மருந்து பிடிக்க நாளெடுக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். அதிசயம் என்னவென்றால், வெறும் கிரீம் பூசிய முழங்கைப் பக்கம் இன்னும் இறங்கியிருந்தது. பழைய மருந்தின் வேகம் என்று நினைத்தார். ஓடிய வள்ளம் துடுப்பை நிறுத்தினாலும் கொஞ்சத் தூரம் போகும்தானே.

பத்தாவது கிழமை ஆர்த்திகா நீல மூடிச் சாடியைத் தராசில் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"அங்கிள், இது கணக்க விடக் கெதியா முடியுதே."

செபஸ்தியாம்பிள்ளையின் முதுகில் வியர்வை ஒரு கோடாக இறங்கியது. பீற்றிஸ்தான் பதில் சொன்னாள்.

"அவருக்கு அந்தப் பக்கத்தில பாசம் கொஞ்சம் கூட புள்ள. நீங்க அத அப்பிடியே எழுதுங்க."

ஆர்த்திகா சிரித்து, எழுதிக்கொண்டாள். சிவப்புப் பாதி ஒன்றரை. நீலப் பாதி மூன்று தசம் ஒன்பது.

அந்த ஞாயிறு அவர் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். வரிசையில் நின்றபடி சொல்லிப் பார்த்தார்: சாமி, நான் ஒரு மூடியை மாற்றினேன். கேட்கவே அற்பமாக இருந்தது. ஆனால் நெஞ்சில் கல்லாய்க் கனத்தது. தான் செய்தது அந்தப் பிள்ளையின் சோதனையைப் பாழாக்குகிற வேலை. அதிலும் பயனில்லாத வேலை, தழும்பு அசையவேயில்லை. சொல்லிவிடுவது என்று தீர்மானித்த நேரம் பின்னாலிருந்து ஒரு குரல்.

"செபஸ்தி, நேராக நில்லும். என்ன, இந்த மாதம் ரெண்டாந்தரம் வாறீர்? அவ்வளவு பாவமா செய்யிறீர்?"

செசீலியா. செபஸ்தியாம்பிள்ளை பாவத்தோடேயே வீட்டுக்கு வந்தார்.

நத்தார் வந்தது, போனது. அவர் ஒரு கொக்கீஸும் தொடவில்லை. இருபத்தேழாம் தேதி பின்னேரம் எல்லாரும் முன்னறையில். ஆர்த்திகா இடுக்கிமானியோடும் ஒட்டிய உறையோடும் வந்தாள். செசீலியா பெயின்ற் நிற அட்டையோடு வந்து, கதிரையின் நுனியில் நிமிர்ந்து அமர்ந்தார். செபஸ்தியாம்பிள்ளையின் சட்டைப் பையில் போன். ஆறு மணிக்கு ஜொய்சன் எடுப்பதாகச் சொல்லியிருந்தான். மணி ஐந்தரை.

ஆர்த்திகா அளந்தாள்.

"முழங்கைப் பக்கம் அரை மில்லிமீற்றர். தொட்டுப் பாத்தாத்தான் தெரியும். மணிக்கட்டுப் பக்கம் மூண்டு தசம் எட்டு."

உறையை உடைத்தாள். வாசித்தாள். முகம் மலர்ந்தது.

"சிவப்பு, மருந்து. நீலம், வெறும் கிரீம். அன்ரி, என்ட இருபத்திரண்டு ஆக்களில இவ்வளவு தெளிவா வந்தது உங்கட கைதான்! எல்லாருக்கும் இப்பிடிக் கேக்கேல்ல. சில பேருக்கு ஒரு வித்தியாசமும் இல்ல. ஆனா உங்கடது ஒரு பிசகும் இல்லாம வந்திருக்கு."

ஒரு பிசகும் இல்லையா? செபஸ்தியாம்பிள்ளை மேசையிலிருந்த இரண்டு சாடிகளையும் மாறி மாறிப் பார்த்தார். ஏழாவது கிழமையிலிருந்து சிவப்பு மூடிக்குள் வெறும் கிரீம்தானே இருந்திருக்க வேண்டும்? அப்படியிருக்க முழங்கைப் பக்கம் எப்படிக் கடைசிவரை இறங்கியது?

ஆர்த்திகா பையிலிருந்து ஒரு புதுச் சாடியை எடுத்தாள்.

"இதுக்குள்ள மருந்து அன்ரி. விரும்பினா இனி மற்றப் பாதிக்கும் பூசலாம்."

"தாங்க புள்ள!" என்று செபஸ்தியாம்பிள்ளை இரண்டு கையையும் நீட்டினார்.

"வேணாம்" என்றாள் பீற்றிஸ்.

"என்ன வேணாம்?"

"மற்றப் பாதி இருக்கட்டும்."

"கடிக்குது எண்டு சொன்னியே!"

"கடி நிண்டு ரெண்டு மாசமாச்சு. ரெண்டு பக்கமும்."

"அது தேய்ச்ச தேய்ப்பில அன்ரி. தேய்க்கிறதே தழும்புக்கு நல்லது" என்றாள் ஆர்த்திகா.

"பாத்தீங்களா? அதுக்கு மருந்து தேவையில்ல. மனுசன் போதும்." பீற்றிஸ் எழுந்தாள். "இஞ்சாருங்க, ஒருக்காக் குசினிக்குள்ள வாங்க."

குசினிக்குள் போனதும் அவள் கதவைச் சாத்தினாள்.

"ஏழாம் கிழமை, வெயிலெறிச்ச அண்டு, மூடிய மாத்தினது ஆரு?"

"எந்த மூடி?"

"யன்னலுக்கு வெளியில உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிண்டது ஆரெண்டு நினைச்சீங்க?"

அவர் யன்னலைப் பார்த்தார். யன்னல் முழுதாகத் திறந்திருந்தது. அன்றைக்கும் அப்படித்தான் திறந்திருந்திருக்க வேண்டும்.

"நீ பாத்தியா?"

"பாத்தன். நீங்க முன்னறைக்குப் போனோடன வந்து திருப்பி மாத்தி வச்சன். ஒரு நாளைக்குக்கூட மூடி மாறி நிக்கேல்ல. அந்தப் புள்ளையிட மூண்டு வருசப் படிப்பு உங்கட கருவாட்டுச் சட்டிக்குள்ள போகணுமா?"

"அப்ப நான் ஆறு கிழமையா மூச்சுப் பிடிச்சுத் தேய்ச்சது?"

"வெறும் கிரீம்."

அவருக்கு வெட்கம் ஒரு பக்கம், நிம்மதி ஒரு பக்கம். பிள்ளையின் வேலை பாழாகவில்லை. நெஞ்சிலிருந்த கல் இறங்கியது. மெய்யாகவே கண் கலங்கிவிட்டது. ஆனால் மணி ஆறாகப் போகிறது.

"பீற்றிஸ், நான் செய்தது பிழைதான். எல்லாம் அந்த மாங்கேணி ஆசையில..."

முழுச் சொல்லையும் சொல்லிவிட்டார். சட்டைக் கை சுருளவில்லை. அவர் மூச்சை நிறுத்திப் பார்த்தார். சுருளவேயில்லை.

"முதல் நாளே தெரியும்" என்றாள் பீற்றிஸ். "தழும்பு போகணும் எண்டு நீங்க ஏன் துடிச்சீங்க எண்டு எனக்கு விளங்காதா? எண்டாலும் பன்ரெண்டு கிழமை ஒருநாளும் தவறாம என்ட கையப் பிடிச்சுக்கொண்டு இருந்தீங்க. நோகுதா எண்டும் கேட்டீங்க. அதுக்கும் ஒரு ஞாயம் இருக்குத்தானே."

"என்ன ஞாயம்?"

"பாதி போயிற்று. அதுக்கு மாங்கேணி."

செபஸ்தியாம்பிள்ளை துள்ளிக் குதிக்காத குறை. மாங்கேணி! கடல், தூண்டில், கருவாடு, சேட்டில்லாத முதுகு! சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்து, "தம்பி, மாஸ்டருக்கு இல்லையெண்டு சொல்லு! நாங்க வாறம்!" என்று கத்தினார்.

"தெரியும் அண்ண" என்றான் ஜொய்சன். "அண்ணி முதலே கதைச்சவ. அவருக்கு அப்பவே சொல்லிற்றன். மூண்டு பேருக்கும் வீடு துப்புரவாக்கி வச்சிருக்கு."

"மூண்டு பேருக்கா?"

அவர் மெல்லத் திரும்பினார். பீற்றிஸ் சட்டைக் கையை மணிக்கட்டிலிருந்து நாலு விரலுக்குச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"பாதி கிடக்குத்தானே? அதுக்கு அக்கா."

குசினிக் கதவு திறந்தது. செசீலியா நிற அட்டையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"செபஸ்தி, பெயின்ரர் நாளைக்கு மாங்கேணிக்கு வருவார். கடல் பாத்த அறை எனக்கு."